நிலை: நிறுத்தப்பட்டது

சோஹார் துறைமுகம், இரண்டாம் தளம்,
ஜன்னல் இல்லாத அறை.
சர்வர்களுக்காகப் பதினெட்டு டிகிரி.
ஜூன் மாதத்தில் சால்வை போர்த்தி
தட்டச்சு செய்கிறேன்.

இங்கே துறை என்றால் மூன்று:
கப்பல் வந்து நிற்பது,
பத்ரியா தலைவியாக இருப்பது,
இன்றிரவு நான் திறக்க வேண்டியது,
எண் ஒன்பதாயிரத்து நாற்பத்து மூன்று.

நேற்றுவரை ஒவ்வொரு சர்வரிடமும்
தனித்தனியே போய் நிற்க வேண்டும்.
கறுப்புத் திரை, கட்டளை வரி,
ஓர் எழுத்து பிசகினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
இனி எல்லாம் ஒரே பக்கத்தில்:
கிரேன் அட்டவணை, சுங்கப் பத்திரம், சம்பளம்,
கேன்டீன், வாயில்.
ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பச்சை அம்பு.
குழந்தைகூடச் சொடுக்கலாம்.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

முதல்முறை திறந்தபோது
பிரவுசர் என்னை உள்ளே விடவில்லை.
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம்.
பார்த்தால், சர்வரின் கடிகாரம்
நான்கு மணி நேரம் முன்னே ஓடுகிறது.
மஸ்கட் நேரத்தை லண்டன் நேரமென்று நினைத்து
மேலும் நான்கைக் கூட்டியிருக்கிறது.
அதற்கு விடிந்துவிட்டது.
அதைப் பிடித்து இழுத்து
இரவு இரண்டேகாலுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு ஆட்களைச் சேர்த்தேன்.
பார்க்க மட்டும் சிலர். நிறுத்த, தொடங்கச் சிலர்.
எதையும் மாற்ற, பத்ரியா அல் பலூஷி.
வேலை முடியும்வரை நானும்.

மூன்று ஐம்பது.
வாயிலைக் கன்சோலோடு இணைக்க
ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும்.
ஐந்து மணிவரை அங்கே ஆள் வராது
என்கிறது அனுமதிப் படிவம்.
நிறுத்து.
உறுதியா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
எழுப்பும் முன் ஒரு கோப்பில் ஏதோ பிழை,
அதை நோண்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி ஆறு நிமிடத்தில் போன்.
மூன்றாம் வாயில் காவலர் தில் பகதூர், இந்தியில்:
"மேடம், கார்டு எடுக்க மாட்டேங்குது.
வரிசை பஸ் வரைக்கும் போயிடுச்சு."

படிவம் ஜனவரியில் எழுதியது.
ஜூனில் மதிய வெயிலுக்குத் தடை வந்தது,
ஷிப்ட் நான்கு மணிக்கு நகர்ந்தது.
படிவம் நகரவில்லை.

"சாவி இருக்குமே, கையால் திறங்களேன்."
"திறக்கலாம் மேடம்.
கார்டு பதியாமப் போனா
இவங்களுக்கு அரை நாள் சம்பளம் போயிடும்.
நிக்கட்டும். நீங்க பாருங்க."

திரையில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி.
நிலை: நிறுத்தப்பட்டது.
ஆரோக்கியம்: தகவல் இல்லை.
போனில் அவர் மூச்சு,
அதற்குப் பின்னால் பல செருப்புகள் மணலில் தேய்கிற சத்தம்,
யாரோ பெங்காலியில் சிரிக்கிறார்கள், யாரோ இருமுகிறார்கள்.

பிழையை விட்டுத்தள்ளி பழைய கோப்பை வைத்தேன்.
தொடங்கு.
வட்டம் சுற்றியது.
டேட்டாபேஸைத் தேடியது, கண்டது, மறுபடி தேடியது.
சால்வை எப்போது கீழே விழுந்ததோ.

பச்சை.
உள்ளே வந்தவர்கள் என்ற கட்டத்தில்
ஒன்று.
வெகுநேரம் ஒன்று.
நான்கு. பத்தொன்பது.
அறுபத்தேழுக்குப் பிறகு
கண்ணால் துரத்த முடியவில்லை.
முன்னூற்றுப் பன்னிரண்டில் நின்றது.
தில் பகதூர் போனை எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

அறிக்கையில் பாதிப்பு என்ற இடத்தில்
'குறைவு' என்று தானாகவே இருந்தது.
அழித்துவிட்டு, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்,
பதினாறு நிமிடம் என்று அடித்தேன்.

ஏழு மணிக்கு வந்த பத்ரியா
நின்றபடியே படித்தாள்.
"எண்ணினாயா?"
"அது எண்ணியது. நான் பார்த்தேன்."
தன் பெயரில் உள்ளே போய்
எல்லார் வருகையையும் நான்கு மணியாக்கினாள்.
அப்படியே, ஒப்படைப்புப் பட்டியலின் கடைசி வரி:
நிறுவியவரின் கணக்கை நீக்கு.
தன்னைத் தானே நீக்க கன்சோல் அனுமதிக்காது,
அதனால் அவளே சொடுக்கினாள்,
என்னைப் பார்க்காமல்.
"தமயந்தி, போய்த் தூங்கு."

வெளியே வந்ததும் கண்ணாடி பூத்துவிட்டது.
கிரேன்கள் ஏதோ தூக்கிக்கொண்டிருந்தன.
மூன்றாம் வாயிலில் வேறு காவலர்.
தடவித்தடவி கார்டை வைத்தேன்.
எடுத்துக்கொண்டது.